ஆப்பிரிக்க மொழிகளும் பண்பாடும் இளங்கலையில் படிக்க வழி இருக்கிறதா? (வேலூர் பக்கம்)

மோர்தானா:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்திருக்கிறேன், வரலாறு, பொருளியல், வணிகவியல் குரூப், மார்க் நன்றாகவே வந்திருக்கிறது. எனக்கு ஆப்பிரிக்க மொழிகளையும் பண்பாட்டையும் பட்டப்படிப்பாகவே படிக்க வேண்டும் என்று ஆசை. இதைச் சொன்னால் வீட்டிலும் பள்ளியிலும் "ஏம்மா, எதுக்கு?" என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் விவரம் சொல்ல ஆள் இல்லை.

காட்பாடியில் சித்தி வீட்டு மாடியில் தான்சானியாவிலிருந்து வந்து படிக்கும் இரண்டு அக்காக்கள் குடியிருக்கிறார்கள். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவர்களோடு பேசிப் பேசியும், போனில் பாடம் பார்த்தும் கொஞ்சம் சுவாஹிலி பிடித்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் சுக்குமா பேசுவார்களாம், கடைத்தெருவிலும் ஆரம்பப் பள்ளியிலும் சுவாஹிலி, மேல்நிலைப் பள்ளிக்கு வந்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தடுமாறும் என்னிடம் அதை அவர்கள் சொன்னபோது, இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரே கேள்விதானே என்று தோன்றியது. அதிலிருந்து வேறு எதையும் படிக்க மனம் போகவில்லை.

இந்தியாவில் இளங்கலையில் இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா? வெளிநாட்டில்தான் என்றால் எங்கே, எவ்வளவு ஆகும்? அப்பா லுங்கித் தறி வைத்திருக்கிறார், பெரிய செலவு முடியாது. சென்னை, பாண்டிச்சேரி, ஐதராபாத் வரை அனுப்பச் சம்மதம், டெல்லி என்றால் யோசிக்கிறார். படித்த பிறகு என்ன வேலை என்பதையும் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பாலாறு:

தங்கச்சி, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். தறி ஓட்டும் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் முதலில் பி.காம். எடு, ஊரிலேயே கல்லூரி இருக்கிறது, பஸ் பாஸோடு முடிந்துவிடும். மொழி ஆசையைச் சாயங்காலம் வைத்துக்கொள். இந்தப் படிப்புக்கு விளம்பரம் போட்டு ஆள் எடுக்கும் கம்பெனி எதையும் நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் கழித்து வீட்டில் ஒரு சம்பளம் வருவதுதான் முக்கியம்.

ஆரணிக்காரன்:

பாலாறு அண்ணன் சொல்வதில் வீட்டு நிலைமை பற்றிய கவலை நியாயமானது, ஆனால் பி.காம். எடுத்தால் சம்பளம் உறுதி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவிலேயே பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் டெல்லியில் ஆப்பிரிக்க ஆய்வுகளில் முதுகலை படித்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். நம் நாட்டில் இந்தத் துறை மேற்படிப்பில்தான் தொடங்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955ல் வந்தது, நேரு அக்கறை எடுத்துத் தொடங்கியது, சுவாஹிலி கற்றுத்தரும் வழக்கமும் அந்தத் துறைக்கு உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1971லிருந்து ஒரு மையம் இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜே.என்.யூ.) ஒன்று, அங்கே அரசியல், வெளியுறவுப் பக்கம் கனம் அதிகம். தமிழ்நாட்டில் இதற்கென்று இளங்கலை கிடையாது. ஆகவே நீ யோசிக்க வேண்டியது, மூன்று வருடத்தில் எந்த அடித்தளத்தைப் போட்டுக்கொண்டு அங்கே போகப் போகிறாய் என்பதைத்தான்.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆப்பிரிக்கப் பண்பாடு" என்று ஒன்றைப் படிக்கவே முடியாது. 54 நாடு, ஏறக்குறைய 2000 மொழி. எகிப்திலிருந்து கேப் டவுன் வரை ஒரே கூடையில் போட்டுப் படித்தால் மூன்று வருட முடிவில் கையில் ஒன்றும் நிற்காது, நாலு பொதுவாக்கியம்தான் மிஞ்சும். ஒரு மொழியைப் பிடி, அந்த மொழி பேசும் மண்ணைப் பிடி, அதன் வழியாக மற்றதெல்லாம் வரும். இந்தத் துறையில் நான் மதிக்கும் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தவர்கள்.

எந்த மொழி என்பதில் உனக்கு ஏற்கெனவே சுவாஹிலி கிடைத்துவிட்டது, அதை விடாதே. ரோமன் எழுத்தில்தான் எழுதுவார்கள், ஜூலுவில் இருக்கும் நாச்சொடுக்கு ஒலிகளோ யொரூபாவில் இருக்கும் சுர ஏற்ற இறக்கமோ கிடையாது. நம்மைப் போல ஒட்டு மேல் ஒட்டு சேர்த்துச் சொல் கட்டுகிற மொழிதான், ஆனால் நாம் பெரும்பாலும் பின்னால் ஒட்டுவோம், அங்கே வினையில் எழுவாய், காலம், செயப்படுபொருள் மூன்றும் வேருக்கு முன்னால் வரிசையாக வந்து உட்காரும். நமக்கு உயர்திணை அஃறிணை என்று இரண்டு போதும், அவர்களுக்குப் பெயர்ச்சொல் வகை பத்துக்கு மேல் போகும், மனிதர் ஒரு வகை, மரம் ஒரு வகை, அந்த வகைக்கு ஏற்றபடி பெயரடையும் வினையும் எண்ணும்கூடத் தன் முன்னொட்டை மாற்றிக்கொள்ளும். நன்னூல் படித்தவர்களுக்கு இந்த மாதிரி பாகுபாடு பயமாக இருக்காது. தான்சானியா, கென்யா இரண்டிலும் அது நாட்டு மொழி, உகாண்டாவும் ருவாண்டாவும் ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மொழிகளிலும் ஒன்று. தான்சானியாவில் முதல் குடியரசுத் தலைவர் நியரேரே காலத்தில் அதை நாட்டை இணைக்கும் மொழியாகவே வளர்த்தார்கள், ஆனாலும் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அக்காக்கள் சொன்னது அதன் விளைவுதான். அதையே ஒருநாள் உன் ஆய்வுத் தலைப்பாக வைக்கலாம்.

அடித்தளத்துக்கு என் யோசனை: இரண்டாவதாக ஒரு பெரிய மொழி கட்டாயம் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கா, காங்கோ, மடகாஸ்கர் என்றால் பிரெஞ்சு. சூடான், எகிப்து, மொராக்கோ என்றால் அரபு. மொசாம்பிக், அங்கோலா என்றால் போர்ச்சுகீஸ். கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும் பார்த்தால்கூட சுவாஹிலியில் அரபுச் சொற்கள் அவ்வளவு கலந்திருப்பதால் அரபு உதவும். ஐதராபாத்தில் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, அரபு இரண்டிலும் இளங்கலை உண்டு, உன் அப்பா ஒத்துக்கொண்ட ஊரும்கூட. சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் பிரெஞ்சு இளங்கலை இருக்கிறது. டெல்லிக்கு அப்பா சம்மதித்தால் ஜே.என்.யூ.வில் பி.ஏ. ஆனர்ஸ் அயல்மொழி, சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும், கட்டணமும் விடுதியும் வெளியில் நினைப்பதைவிட மிகவும் குறைவு. இது எதுவும் முடியாவிட்டால் வேலூரிலேயே ஊரிசிலோ முத்துரங்கத்திலோ பி.ஏ. வரலாறு எடுத்துக்கொண்டு சுவாஹிலியைத் தொடர்ந்தாலும் முதுகலைக்குத் தடை ஒன்றும் இல்லை. வரலாற்றுக்காரர்களை அந்தத் துறைகள் விரும்பியே எடுக்கும்.

வேலை பற்றி: நானே ஒரு வணிக ஆய்வு நிறுவனத்தில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கான அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனம், ஏற்றுமதி, வெளியுறவுத் துறைத் தேர்வு இவைதான் வழிகள். 2018ல் மத்திய அரசு ஆப்பிரிக்காவில் புதிதாக 18 தூதரகங்கள் திறக்க ஒப்புதல் கொடுத்தது, 2023 டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20ல் சேர்ந்தது, அதே வருடம் நம் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் கிளை திறந்தது. போக்குவரத்து கூடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அங்கத்து மொழி தெரிந்த இந்தியர்கள் மிகவும் குறைவு. வேலை தேடி வரும் படிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன், நீ தேடிப் போக வேண்டிய படிப்பு.

தோல்ஷாப்பு ஆம்பூர்:

நான் பெரிய படிப்பாளி இல்லை தங்கச்சி, ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து எத்தியோப்பியா போய் வேலை பார்த்தவன். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே மோஜோ என்ற ஊர், நம் ராணிப்பேட்டை மாதிரி டேனரிகள் நிறைந்த ஊர், இறங்கிய உடனே அந்த வாசனையே நம் ஊரை ஞாபகப்படுத்தும். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் அங்கே போய் வந்திருக்கிறார்கள், வெளியே அதிகம் யாரும் பேசுவதில்லை.

ஏன் போனோம் என்றால், அந்த நாட்டில் ஆடு மாடு மிக அதிகம், ஆனால் ரொம்ப காலம் பச்சைத் தோலாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. 2008ல் அதன் ஏற்றுமதிக்குக் கடுமையான வரி போட்டார்கள், இங்கேயே பதப்படுத்து, இங்கேயே ஷூ தை என்றார்கள். அதற்குத் தொழில் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தோடு அவர்களுடைய தோல் தொழில் நிறுவனம் கைகோத்தது. அப்படித்தான் ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு அங்கே வழி திறந்தது.

போனபோது எங்களுக்கு ஆங்கிலம் அரைகுறை, அவர்களுக்கும் அரைகுறை. லைனில் 200 பெண்கள், மெஷினைக் காட்டிக் கையால் பேசிக்கொண்டிருந்தோம். தையல் தவறினால் சூப்பர்வைசர் கத்துவான், ஏன் கத்துகிறான் என்று அவர்களுக்குத் தெரியாது, மறுநாள் பத்துப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். மேனேஜ்மென்டில் உட்கார்ந்திருந்தவர்கள் "இவங்களுக்கு ஒழுங்கு இல்ல" என்று எழுதி அனுப்புவார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு. ஒழுங்கில்லாத பெண்கள் இல்லை அவர்கள், விடியற்காலை இருட்டில் நடந்து வந்தவர்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நோன்பு, பால், இறைச்சி, முட்டை எதுவும் தொடமாட்டார்கள், மதியம் வரை சாப்பிடாமல் நிற்பவர்களும் உண்டு. அவர்களுடைய காலண்டரே வேறு, வருடத்துக்கு 13 மாதம், புத்தாண்டு செப்டம்பரில். நேரம்கூடக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள், அவர்கள் இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு. இது ஒன்றும் தெரியாமல் ஷிப்ட் போட்டவர்கள்தான் குழப்பத்தை உண்டாக்கினார்கள். மொழியும் வழக்கமும் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர் அந்த பேக்டரியில் இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

நான் அம்ஹாரிக் கற்றுக்கொண்டேன், லைன் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள். தமிழனுக்கு அது ரொம்பத் தூரம் இல்லை. வினை கடைசியில்தான் வரும். எழுத்தும் நம் உயிர்மெய் மாதிரி, ஒவ்வொரு மெய்க்கும் ஏழு உருவம், உயிருக்குத் தக்கபடி காலோ கொம்போ மாறும், க கா கி கீ தெரிந்தவனுக்கு அந்த அட்டவணையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். ஆனால் ஒன்று தெரிந்துகொள், மோஜோ இருப்பது ஒரோமியா மாநிலத்தில். நிறையப் பெண்களுக்கு வீட்டுமொழி ஒரோமோ, அதை ரோமன் எழுத்தில் எழுதுவார்கள், அது கொஞ்சம் தெரிந்த பிறகுதான் அவர்கள் என்னிடம் மனசு விட்டுப் பேசினார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு மொழி போதும் என்று நினைக்காதே.

அப்புறம் கெட்ட செய்தியும் சொல்லிவிடுகிறேன். 2020ல் அந்த நாட்டின் வடக்கே டிக்ரே பகுதியில் போர் வந்தது, 2022 ஜனவரியிலிருந்து அமெரிக்கா வரிச்சலுகைப் பட்டியலிலிருந்து எத்தியோப்பியாவை எடுத்துவிட்டது, ஆர்டர் குறைந்து பல கம்பெனிகள் திண்டாடின, நானும் ஊர் திரும்பிவிட்டேன். ஒரு நாட்டையே நம்பிப் படித்தால் இப்படியும் நடக்கும். அதற்காகப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். ஏற்றுமதி, கணக்கு, ஹெச்.ஆர். ஏதாவது ஒன்றைக் கூடவே வைத்துக்கொள். உன் வணிகவியல் குரூப்பை அப்பாவிடம் அப்படிச் சொல்லிப் பார்.

எல்பே நதி:

நான் காட்பாடிப் பெண், கல்யாணமாகி ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிறேன், இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. வெளிநாட்டு விவரம் மட்டும் சொல்கிறேன்.

ஆசிய, ஆப்பிரிக்கப் படிப்புகளுக்கென்றே லண்டனில் இருக்கும் சோவாஸ் கல்லூரிதான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடக் கட்டணமே இருபது லட்சம் ரூபாய்க்கு மேல், தங்கும் செலவு தனி. முழு உதவித்தொகை இளங்கலைக்குக் கிடைப்பது அரிது. உன் நிலையில் அதை இப்போது மறந்துவிடலாம் மா.

ஜெர்மனியில் ஹாம்பர்க், லைப்சிக், பாய்ராய்ட், கொலோன், மைன்ஸ், பெர்லின் என்று பல இடங்களில் ஆப்பிரிக்கத் துறைகள் இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017லிருந்து வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். கட்டணம் இல்லை என்றதும் ஏஜென்ட்கள் ஆசை காட்டுவார்கள், அதனால் மீதியையும் கேள். விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், அதில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி வரை போக வேண்டியிருக்கும். பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேராகச் சேர்வதும் பொதுவாக நடக்காது, ஊரில் ஒரு வருடமாவது பட்டப்படிப்பு படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே ஆயத்த வகுப்பு. நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் 2022லிருந்து கேட்கிறார்கள். ஆகவே ஊரில் இளங்கலை, இங்கே மாஸ்டர்ஸ் என்பதுதான் உனக்குப் பொருந்தும். மாஸ்டர்ஸில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளும் உண்டு. எந்த ஊருக்கு விண்ணப்பித்தாலும் அந்த வருடம் எந்த ஆப்பிரிக்க மொழிக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று துறைக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடு. ஐரோப்பாவில் மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளில் பணம் குறைந்துகொண்டே வருகிறது, இணையப் பக்கத்தில் பத்து மொழி எழுதியிருக்கும், வகுப்பு மூன்றுக்குத்தான் நடக்கும்.

இன்னொன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தத் துறைகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டு உள்ளே வா. ஹாம்பர்க்கில் 1908ல் காலனி நிர்வாகிகளைத் தயார் செய்யத்தான் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள், மறுவருடம் ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பேராசிரியர் பதவி வந்தது. அந்த நிறுவனத்திலிருந்துதான் பிறகு பல்கலைக்கழகமே வளர்ந்தது. லண்டனில் 1916ல் தொடங்கியதும் பேரரசுக்கு அதிகாரிகளைப் பழக்கத்தான். நமக்கு இது புதிதில்லை. கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார், ஆறே வருடத்தில், 1862ல், ப்ளீக் என்ற ஜெர்மானியர் கேப் டவுனில் இருந்துகொண்டு தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொண்டுவந்தார், சுவாஹிலி சேர்ந்த பாண்டு மொழிக்குடும்பம் என்ற பெயர் அவர் வழியாகத்தான் நிலைத்தது. அந்தக் காலத்தில் அளக்கப்பட்டவர்கள் நாமும்தான். அதனால் நம் ஊரிலிருந்து ஒரு பெண் சுவாஹிலி படிக்கப் போனால் அவள் கேட்கும் கேள்வி இங்கே இருப்பவர்கள் கேட்பதுபோல இருக்காது என்று நான் மனதார நம்புகிறேன். நீ தமிழ் மீடியம் பற்றி எழுதியதே அதற்குச் சாட்சி.

மோர்தானா:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தோல்ஷாப்பு அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ஹெச்.ஆர். என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு சந்தேகம். எங்கள் தமிழ் மிஸ், திராவிடரும் ஆப்பிரிக்கரும் ஒரே இனம், மொழியும் ஒன்றிலிருந்துதான் வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதையே ஆராய்ச்சியாகச் செய்யலாமா? நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

கோட்டை மதில்:

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நானே எழுதுகிறேன் அம்மா.

உங்கள் மிஸ் சொன்னதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர், கவிஞரும்கூட, 1974ல் சென்னைக்கு வந்து கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசினார். அவர் ஆர்வத்தால் செனகல் தலைநகர் டக்காரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வு தொடங்கியது, நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே போய்ப் பணியாற்றினார், திராவிட மொழிகளையும் அந்த நாட்டு வோலோஃப் போன்ற மொழிகளையும் ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்தன. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட இரண்டு மக்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்க்க வேண்டும் என்ற அந்த வேட்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய ஒப்பீட்டு மொழியியல் ஏற்கவில்லை. ஒட்டுச்சேர்க்கையும் சில சொற்களின் ஒலி ஒற்றுமையும் உறவை நிறுவப் போதாது, முறையான ஒலி மாற்றங்களைக் காட்ட வேண்டும், அதை யாரும் காட்டவில்லை. முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போகாதே.

ஏனென்றால் உறுதியான தொடர்புகளே நிறைய இருக்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே, குசேர் அல்-காதிம் துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் தினம் சாப்பிடும் கேழ்வரகும் கம்பும் ஆப்பிரிக்காவில் பயிராகி அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தவை. சோளமும் அப்படியே.

உனக்கு மிக அருகில் இருப்பது இன்னொன்று. 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. வட ஆர்க்காடு அதில் முன்வரிசையில் நின்ற மாவட்டம். 1876 தொடங்கி வந்த தாது வருடப் பஞ்சம் இந்தப் பக்கத்தை எப்படிச் சாய்த்தது என்று படித்தால் ஏன் போனார்கள் என்பது புரியும். கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுக்கா, ஜில்லா எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கின்றன. குடியாத்தம், வாலாஜா, ஆரணி என்று நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பான். அதைச் சரியாகப் படித்து எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்க இந்த மண்ணில் பிறந்த ஒருவரால்தான் எளிதாக முடியும். அங்கே இருக்கும் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடி இன்றும் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், வழிகாட்ட இங்கே ஆள் இல்லை.

மொழிப் பக்கத்திலும் அது பெரிய வயல். கரும்புத் தோட்டத்தில் தமிழரும் தெலுங்கரும் ஜூலுக்களும் வெள்ளைக்காரரும் பேசிக்கொள்ள ஃபனகலோ என்ற கலப்பு மொழி பயன்பட்டது. இதையும் இந்திய வம்சாவளியினரின் ஆங்கிலத்தையும் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ராஜேந்த் மெஸ்த்ரி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில், போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வீடுகளில் பேசுவது ஆங்கிலம்தான். ஒரு மொழி நாலு தலைமுறையில் எப்படிக் கைவிட்டுப் போகிறது, பக்கத்து வீட்டு ஜூலுவை எவ்வளவு கற்றார்கள், ஏன் கற்கவில்லை, இதெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஜூலுவும் சுவாஹிலியும் ஒரே பாண்டு குடும்பம், ஒன்று தெரிந்தால் மற்றதன் பெயர்ச்சொல் வகைகள் அந்நியமாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று, படிப்பு சம்பந்தப்படாததுபோல் தெரியும். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வீடு கொடுக்க மறுப்பவர்களையும், தெருவில் பின்னால் நின்று கேலி பேசுபவர்களையும் நான் இதே ஊரில் பார்த்திருக்கிறேன், மனம் ஆறாது. உன் சித்தி வீடு கொடுத்திருக்கிறாரே, அவருக்கு என் வணக்கத்தைச் சொல். ஆப்பிரிக்கப் பண்பாட்டைப் படிக்கப் போகிறவள் முதலில் நிற்க வேண்டிய இடம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் நீ பேச வேண்டும்.

பாலாறு:

ஐயா எழுதியதைப் படித்தபின் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பெரிய தாத்தா நேட்டால் போனதாக வீட்டில் பேச்சு உண்டு, எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுச் செலவு பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை தங்கச்சி, ஆனால் முதல் பட்டதாரிச் சலுகை, கல்வி உதவித்தொகை, புதுமைப்பெண் திட்டம் எல்லாவற்றையும் சேர்க்கைக்கு முன்னாலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள். வெளி மாநிலம் போனால் எது செல்லும், எது செல்லாது என்று தலைமையாசிரியரிடமே கேட்டுவிடு.

மோர்தானா:

அண்ணா, அரசுப் பள்ளியில்தான் படித்தேன், நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

வீட்டில் பேசி இப்போதைக்கு இப்படி முடிவாகியிருக்கிறது. ஐதராபாத்தில் பி.ஏ. அரபுக்கு முதலில் முயற்சி, நுழைவுத் தேர்வு விவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் வேலூரில் பி.ஏ. வரலாறு, கூடவே அஞ்சல் வழியில் ஏற்றுமதி சம்பந்தமான டிப்ளமோ, அது அப்பா போட்ட நிபந்தனை. எதுவானாலும் சுவாஹிலியை விடப்போவதில்லை. தினமும் காலையில் பி.பி.சி. சுவாஹிலிச் செய்தி கேட்கத் தொடங்கியிருக்கிறேன், மூன்று வாக்கியத்தில் ஒன்று பிடிபடுகிறது. மாடி அக்காக்களில் ஒருவர் வாரம் ஒருநாள் இலக்கணம் சொல்லித் தருகிறேன் என்றார், பதிலுக்கு நான் அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தர வேண்டும்.

கோட்டை மதில் ஐயா, அந்தக் கப்பல் பட்டியலில் குடியாத்தம் தாலுக்கா பதிவுகளை மட்டும் பார்க்க முடியுமா? ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று தெரிந்தால் லீவு முடிவதற்குள் எங்கள் பக்கத்துக் கிராமப் பெயர்களை வைத்து ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கிறேன். பாலாறு அண்ணன், உங்கள் தாத்தாவின் அப்பா பெயரும் ஊரும் தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.